முதற்பலன் தட்டில் ஒரு பென்டிரைவ்

கணினியில் எந்த மென்பொருளைத் திறந்தாலும் அதன் உதவிப் பட்டியலில் கடைசியாக ‘பற்றி’ என்று ஒன்று இருக்கும். அதை அழுத்தினால் ஒரு சின்னப் பெட்டி வரும். மென்பொருளின் பெயர், எத்தனையாவது பதிப்பு, யார் செய்தது. அவ்வளவுதான். அதை யாரும் திறந்து பார்ப்பதில்லை. கல்யாண வீட்டில் பந்தல் போட்டவர் யார் என்று யார் கேட்கிறார்கள்? ஆனாலும் பந்தல்காரர் தன் கடைப் பெயர் எழுதிய துணியை ஒரு மூலையில் கட்டிவிட்டுத்தான் போவார். நானும் அப்படி ஒன்று கட்டியிருந்தேன். அதை அவிழ்த்துப் போட்டவள் என் தோழி. சும்மா தோழி இல்லை, என் அப்பா ஆஸ்பத்திரியில் கிடந்தபோது கஞ்சி கொண்டுவந்த தோழி. அதனால்தான் இன்னும் எனக்கு ஆறவில்லை.

நாங்கள் பழகியது ரயிலில். குழித்துறையில் ஏறித் திருவனந்தபுரத்தில் இறங்கும் காலை ரயில். எங்கள் மாவட்டத்தில் பொறியியல் படித்தவர்களில் பாதிப் பேரை அந்த ரயில்தான் அள்ளிக்கொண்டு போய்க் கேரளத்தில் கொட்டிவிட்டு, சாயங்காலம் திரும்ப அள்ளிக்கொண்டு வரும். நான் ஒரு கம்பெனியில் நிரல் எழுதுகிறவள். அவள் பக்கத்துக் கட்டடத்தில் வேறொரு கம்பெனியில், அடுத்தவர் எழுதிய நிரலில் குற்றம் கண்டுபிடிக்கிற வேலை. சோதனையாளர் என்று மரியாதையாகச் சொல்வார்கள். ஒரு புள்ளி இடம் மாறியிருந்தாலும் அவள் கண்ணுக்குத் தப்பாது.

எங்கள் வீடு அய்யாவழி மார்க்கத்து வீடு. நெற்றியில் நாமம் இடாமல் நான் வாசல் தாண்டுவதில்லை. அவள் வீடு மிஷன் காலத்திலிருந்தே சபையில் இருக்கிற வீடு. சர்ச் பாடகர் குழுவில், அவர்கள் பாஷையில் ‘கொயரில்’, அவள் பெண்குரல்களில் கீழ்க்குரலான ஆல்ட்டோ பாடுவாள். எனக்குக் குரல் கிடையாது. நான் பாடினால் படுத்திருக்கிற நாய்கூட எழுந்து வேறிடம் பார்த்துப் போய்விடும்.

ரயிலில் அவள் மடியில் எப்போதும் ஒரு அட்டையும் அதன்மேல் தாளும் இருக்கும். அளவுகோல் வைத்துக் கோடு போட்டு எதையோ எழுதிக்கொண்டே வருவாள். ஒருநாள் எட்டிப் பார்த்தேன். எங்கள் பக்கத்துச் சபைகளில் பாட்டை ஐந்து கோட்டில் எழுதுகிறவர்கள் குறைவு. டோ, ரே, மி என்பவற்றின் முதலெழுத்துகளை மட்டும் வரிசையாக எழுதி, நடுவில் புள்ளியும் கோடும் வைத்துத் தாளத்தைக் காட்டிவிடுவார்கள். அதற்குச் சோல்ஃபா என்று பெயர். நான்கு குரலுக்கு நான்கு வரி. கீழே தமிழ்ப் பாட்டு. பாட்டின் ஒவ்வொரு அசையும் அதற்குரிய சுரத்துக்கு நேர் கீழே நிற்க வேண்டும். கொஞ்சம் தள்ளி நின்றாலும் பாடுகிறவர் தடுமாறிவிடுவார். ரயில் ஆட, அளவுகோல் ஆட, அவள் அழித்து அழித்து எழுதிக்கொண்டிருந்தாள்.

“ஏட்டி, நீ பாக்கது கம்ப்யூட்டர் வேலை. இப்பிடி ஸ்கேல் வச்சு கோடு போட்டுட்டு இருக்கியே, வெக்கமா இல்லியா?” என்றேன்.

“தமிழ்ல இதுக்குச் சரியா ஒண்ணும் எனக்குக் கெடைக்கல்ல மக்கா. கெடைச்சா நான் என்னத்துக்கு இந்தப் பாடு படுகேன்?”

“நான் எழுதித் தாறேன்.”

வாய் இருக்கிறதே, அது எனக்கு எப்போதும் கையைவிட ஒரு ஸ்டேஷன் முன்னால் போகும். அந்த ஒரு வார்த்தையைக் காப்பாற்ற எனக்கு வருஷங்கள் ஆயின.

முதல் சிக்கல் கணினிதான். என்னுடையது விண்டோஸ். அவளுடையது வளைகுடாவில் இருந்த அவள் கணவர் வாங்கி அனுப்பிய மேக். சர்ச்சில் இருந்தது ஒரு கிழட்டுக் கணினி. அதில் வேறெதுவும் ஓடாது என்று இளைஞர் சங்கத்தார் லினக்ஸ் போட்டு உயிர் கொடுத்திருந்தார்கள். மூன்று இயங்குதளத்துக்கும் மூன்று முறை எழுத என்னால் ஆகாது. ஆனால் இதற்கென்றே கருவிப்பெட்டிகள் உண்டு. சன்னல், பொத்தான், பட்டியல் எல்லாம் அதில் தயாராக இருக்கும். நாம் நிரலை ஒரு தடவை எழுதினால் போதும், மூன்று இயங்குதளத்துக்கும் அதிலிருந்தே தனித்தனியாகக் கட்டி எடுத்துக்கொள்ளலாம். மேக்கில் மேக்கின் முகத்தோடு வரும், விண்டோஸில் விண்டோஸின் முகத்தோடு வரும். உள்ளே இருப்பது ஒன்றுதான்.

அதை முதன்முதலில் அவளுக்குக் காட்டியது நெய்யாற்றின்கரை தாண்டும்போது. தலைப்பு நீல நிறத்தில் இருந்தது. நான் நிரலில் ஒரே ஒரு வரியை மாற்றி மறுபடி கட்டினேன். என் மடிக்கணினியிலும் தலைப்பு பச்சை ஆனது, அவள் மடிக்கணினியிலும் பச்சை ஆனது.

“இது கொள்ளாமே! ஒரு எடத்துல மாத்தினா மூணு எடத்துலயும் மாறுமா?”

“மாறும். அதுக்குத்தானே இந்தப் பாடு.”

அவள் குழந்தை மாதிரிக் கை தட்டினாள். எதிரில் இருந்த அம்மாள் தூக்கம் கலைந்து முறைத்தார்கள். அதன்பிறகு சின்னச் சின்ன மாற்றங்களை எப்படிச் செய்வது, செய்தபின் மூன்றுக்கும் எப்படிக் கட்டுவது என்று அவளுக்கு நானே சொல்லிக்கொடுத்தேன். நிறத்தை மாற்றுவாள், பாட்டு வரிசையை மாற்றுவாள். என் நிரல் முழுவதும் அவள் கணினியிலும் ஒரு படி இருந்தது. பூட்டு என்று ஒன்று எனக்குத் தோன்றவே இல்லை.

மூன்றும் ஒன்று என்பது பேச்சுக்குத்தான். தமிழ் என்று வந்தவுடன் மூன்றும் மூன்று மாமியார்களாகிவிட்டன. விண்டோஸில் வரிசையாக நிற்கிற பாட்டு மேக்கில் கடைசி அசையை அடுத்த வரிக்குத் தள்ளிவிடும். சர்ச்சின் பழைய கணினியில் கொம்பு ஒரு பக்கம் நிற்கும், எழுத்து ஒரு பக்கம் நிற்கும். ஒவ்வொன்றிலும் எழுத்தின் அகலம் வேறு. கடைசியில் எழுத்துருவை மென்பொருளோடு சேர்த்தே கட்டி, ஒவ்வொரு அசையையும் திரையில் வரைவதற்கு முன்னால் அளந்து, அந்த அளவுக்குச் சுரங்களை நகர்த்தும்படி எழுதினேன். அந்தப் பகுதி ஒழுங்காக நிற்க எத்தனை தடவை எழுதி அழித்தேன் என்று எனக்கே தெரியாது. அவள் மெதுவாகப் பாடிக் காட்டுவாள், நான் அளப்பேன். அந்தப் பாட்டுகளை அவளுக்குக் காதால் தெரியும். எனக்கு அகலத்தால் தெரியும்.

நடுவில் கருவிப்பெட்டியின் புதிய பதிப்பு ஒன்று வந்தது. நான் நம்பிக்கொண்டிருந்த சில வசதிகள் அதில் இல்லை. எடுத்துவிட்டார்களாம். பாதி நிரலைத் திருப்பி எழுத வேண்டியதாயிற்று. பாறசாலை வரைக்கும் அவர்களைத் திட்டிக்கொண்டே போனேன். நம்ப வைத்துக் கழுத்தை அறுத்துவிட்டார்கள் என்றேன்.

“விடு மக்கா. முகம் தெரியாத ஆளுவ செஞ்சதுக்கு இவ்வளவு வருத்தமா? கூட இருக்கவங்க செஞ்சால்லா வருத்தப்படணும்” என்றாள்.

இப்போது நினைத்தால் சிரிப்பு வருகிறது. நல்ல சிரிப்பு இல்லை.

‘பற்றி’ பெட்டியை நான் கடைசியாகத்தான் எழுதினேன். செய்தவர்கள் என்று போட்டு எங்கள் இருவர் பெயரையும் ஒரே வரியில் வைத்தேன். அவள் பெயரை முதலில் போட்டிருந்தேன். அவள் ஒத்துக்கொள்ளவில்லை. “எழுதினது நீ. உன் பேரு மொதல்ல வரட்டும்” என்று அவளே என் கையிலிருந்து கணினியை வாங்கி மாற்றினாள். மேக்கில் அந்தப் பெட்டி உதவிப் பட்டியலில் இருக்காது. மேக்கின் வழக்கப்படி, இடது மூலையில் மென்பொருளின் பெயருக்குக் கீழே போய் உட்கார்ந்துவிடும். கருவிப்பெட்டியே அப்படி நகர்த்திவிடும். அவளுக்கு அது மட்டும் நினைவில் நிற்காது. யாருக்காவது காட்ட வேண்டும் என்றால், “மக்கா, நம்ம பேரு இருக்க பெட்டி எங்க போச்சு?” என்று எனக்குத்தான் போன் வரும்.

இன்னொரு விஷயம் சொல்ல வேண்டும். இல்லையென்றால் அவளைப் பற்றி நான் பாதிதான் சொன்னவள் ஆவேன். அவர்கள் சபையில் வருஷம் ஒருமுறை அறுப்பின் பண்டிகை உண்டு. அவரவர் விளைவித்ததில் முதலாவதைக் கொண்டுபோய் ஆலயத்தில் வைக்க வேண்டும். முதற்பலன் என்பார்கள். வாழை வைத்தவர் குலை கொண்டுவருவார், கோழி வளர்த்தவர் கோழி, தையல் தெரிந்தவர் தைத்த துணி. ஆராதனை முடிந்தபின் எல்லாவற்றையும் ஏலம் விடுவார்கள். அவள் வீட்டு வயலும் வாழைத்தோட்டமும் நாலுவழிச் சாலைக்குப் போய்விட்டன. ஒருமுறை ரயிலில் என்னிடம் சொன்னாள்.

“எல்லாரும் வெளஞ்சதக் கொண்டு வைக்காவ. நான் மார்த்தாண்டம் சந்தையில வாங்கின குலையக் கொண்டு வைக்கேன். யாரு வெளைய வச்சதோ. ஆளுவளுக்குத் தெரியாது, கர்த்தருக்குத் தெரியாதா? வைக்கும்போது கை கூசுது மக்கா.”

எனக்கு அவள்மேல் அன்றைக்கு அவ்வளவு பிரியம் வந்தது. ஒரு வாழைக்குலைக்காக இப்படிக் கூசுகிற மனசு எத்தனை பேருக்கு இருக்கும் என்று நினைத்தேன்.

அப்பாவுக்குப் பக்கவாதம் வந்ததும் என் ரயில் நின்றுபோயிற்று. நெய்யூர் ஆஸ்பத்திரியில் அப்பா கிடந்த நாட்களில் அவள் வேலை முடிந்து நேரே வந்துவிடுவாள். தூக்குப்பாத்திரத்தில் கஞ்சியும் பயறும். என்னைச் சாப்பிட வைத்துவிட்டுத்தான் வீட்டுக்குப் போவாள். அப்பா வீட்டுக்கு வந்தபின் அவரைத் திருப்பிப் படுக்க வைக்க, ஊட்ட, ஆள் வேண்டும். நான் வேலையை விட்டேன்.

வேலையை விட்ட பெண்ணை ஊர் என்ன கேட்கும் என்று எல்லாருக்கும் தெரியும். “வீட்டுல சும்மாதான் இருக்கியா?” கல்யாண வீட்டில் கேட்பார்கள், மருந்துக் கடையில் கேட்பார்கள். நான் அப்பாவின் கட்டிலுக்குப் பக்கத்தில் ஒரு ஸ்டூலில் மடிக்கணினியை வைத்துக்கொண்டு அந்த மென்பொருளைத்தான் எழுதிக்கொண்டிருந்தேன். பாட்டைச் சுவரில் பெரிதாகக் காட்டுகிற பகுதி, ஆராதனை முறையை வரிசையாக ஓட்டுகிற பகுதி எல்லாம் அந்த வருஷங்களில் எழுதியதுதான். யாரிடமும் நான் எதுவும் வாங்கவில்லை. கேட்கவும் தோன்றவில்லை. ஆனால் ஊர் ‘சும்மா’ என்று சொல்லும்போதெல்லாம் வீட்டுக்கு வந்து அந்தச் சின்னப் பெட்டியைத் திறந்து பார்ப்பேன். என் பெயர் இருக்கும். நான் சும்மா இல்லை என்பதற்கு என்னிடம் இருந்த சாட்சி அந்த ஒரு வரிதான்.

அந்த வருஷம் அறுப்பின் பண்டிகை ஞாயிற்றுக்கிழமை காலையில் அவள் போன் செய்தாள். பின்னால் கோழி கத்துகிற சத்தம் கேட்டது.

“மக்கா, சுவத்துல பாட்டு வரல்ல. உள்ள தொறக்கு, ஆனா வெளிய காணல. ஐயரு கேக்காவ. கொஞ்சம் ஓடி வாறியா?”

எங்கள் பக்கம் சபைப் போதகரை ஐயர் என்றுதான் சொல்வார்கள். அப்பாவைப் பக்கத்து வீட்டு அக்காவிடம் விட்டுவிட்டு ஸ்கூட்டரை எடுத்தேன். அதுவரை நான் அந்தச் சர்ச்சுக்குள் போனதில்லை. அங்கே நிறுவுவதும் சொல்லிக்கொடுப்பதும் அவள் பாடு, எழுதுவது என் பாடு என்றுதான் எங்களுக்குள் இருந்தது.

கோளாறு சின்னதுதான். மென்பொருள் கடைசியாக எந்தத் திரையில் இருந்ததோ அதை நினைவில் வைத்துக்கொண்டு மறுமுறையும் அங்கேயே திறக்கும். யாரோ பழைய புரொஜெக்டரைக் கழற்றிவிட்டுப் புதிதை வேறு இடத்தில் மாட்டியிருந்தார்கள். பாட்டு பாவம், இல்லாத திரையில் போய் நின்றுகொண்டிருந்தது. அதை இழுத்து இந்தத் திரைக்குக் கொண்டுவந்தேன். சுவரில் பாட்டு விழுந்ததும் அவள் என் தோளைப் பிடித்து அழுத்தினாள்.

“நீயே இங்கன இருந்து ஓட்டு மக்கா. அடுத்தது அடுத்ததுன்னு தட்டினாப் போரும். நான் முன்னால போணும்.”

பின்வரிசையில், வாசலுக்குப் பக்கத்தில் கணினி மேசை. நான் முந்தானையைச் சரி செய்துகொண்டு உட்கார்ந்தேன். மழை விட்டிருந்த காலை. ஆலயம் முழுக்க வாழைப்பழ வாசனை. ஆட்கள் ஒவ்வொருவராக முன்னால் போய் வைத்தார்கள். மரச்சீனிக் கிழங்கு, தேங்காய், தேன் பாட்டில், சுருட்டிய ரப்பர் ஷீட். காலைக் கட்டிய கோழி ஒன்று ஜெபத்தின் நடுவில் தன் பங்குக்கு ஏதோ சொல்லிக்கொண்டிருந்தது. பிறகு ஒரு நடுவயதுக்காரர் செவ்வாழைக் குலையைத் தோளில் சுமந்துகொண்டு வந்தார். அவர் நெற்றியில் என் நெற்றியில் இருந்த அதே நாமம். எனக்கு ஆச்சரியமாக இருந்தது. சபைச் செயலாளர் மைக்கில், “நம்ம மதிலுக்கு அந்தப் பக்கத்து வீட்டு அண்ணன். வருஷா வருஷம் மொதக் குலை இங்கதான்” என்றார். போதகர் இரண்டு கையாலும் குலையை வாங்கினார். அந்த அண்ணன் கும்பிட்டுவிட்டு என் பக்கத்து நாற்காலியில் வந்து உட்கார்ந்தார்.

அடுத்து அவள் வந்தாள். கையில் ஒரு எவர்சில்வர் தட்டு. தட்டில் ரோஜாப்பூ. பூவுக்கு நடுவில் ஒரு பென்டிரைவ்.

எனக்கு ஒரு நொடி நெஞ்சு நிறைந்துவிட்டது. இதற்குத்தான் என்னை வரச்சொன்னாளா, திகைக்க வைக்க நினைத்தாளா என்று நினைத்தேன். எவ்வளவு பைத்தியக்காரி நான். தலைமுடியைக்கூடக் கையால் ஒதுக்கிக்கொண்டேன், கூப்பிட்டால் எழுந்து போவதற்கு.

போதகர் தட்டை வாங்கி உயர்த்திக் காட்டினார். “நம்முடைய சகோதரி, நிலமில்லாவிட்டாலும், தம்முடைய கையின் பிரயாசத்தை முதற்பலனாகக் கொண்டுவந்திருக்கிறார்கள். நம் பாட்டுகளுக்காக இந்த மென்பொருளைத் தனியொருவராகச் செய்திருக்கிறார்கள்” என்றார். அவள் தலையைக் குனிந்து நின்றாள். போதகர் என் பக்கம் பார்த்துக் கையசைத்தார், அடுத்ததைக் காட்டும்படி. நான் பொத்தானைத் தட்டினேன். ஆராதனை முறையை முந்தின நாளே அவள் உள்ளே ஏற்றி வைத்திருந்தாள். சுவரில் பெரிய எழுத்தில் வந்தது. பாடல் மென்பொருள், உருவாக்கியவர் என்று போட்டு அவள் பெயர். அவள் பெயர் மட்டும்.

செருப்பால் அடித்த மாதிரி இருந்தது. அதைவிட, அந்தச் செருப்பை நானே எடுத்துக் கொடுத்த மாதிரி இருந்தது. என் நிரல், என் விரல், என் கண் முன்னால். எல்லாரும் கை தட்டினார்கள். பக்கத்து நாற்காலி அண்ணனும் தட்டினார். நான் தட்டவில்லை என்று பார்த்து, “கொள்ளாம் இல்லியா மோளே?” என்றார், நன்றாயிருக்கிறதல்லவா என்று.

கொயர் எழுந்து நின்றது. பாட்டைக் காட்டியாக வேண்டும். காட்டினேன். நான்கு வரி சுரம், கீழே தமிழ். ஒரு அசைகூட விலகாமல் நின்றது. அவர்கள் பாடினார்கள். அந்தப் பாட்டின் அகலத்தைத் தவிர வேறெதுவும் தெரியாமல் இருந்த நான் அன்றைக்குத்தான் அதை நான்கு குரலில் முழுதாகக் கேட்டேன். நன்றாக இருந்தது. அது நன்றாக இருந்ததுதான் எனக்குப் பொறுக்கவில்லை. கண்ணீர் வழிந்தது. பார்த்தவர்கள் பக்தி என்று நினைத்திருப்பார்கள்.

பாட்டு ஓடிக்கொண்டிருக்கும்போதே, சுவரில் தெரியாதபடி, மேசைமேல் இருந்த சின்னத் திரையில் ‘பற்றி’யைத் திறந்தேன். செய்தவர், அவள் பெயர். ‘செய்தவர்கள்’ என்பதை ‘செய்தவர்’ என்றும் மாற்றியிருந்தாள். என் பெயருக்குப் பின்னால் இருந்த காற்புள்ளியையும் எடுத்திருந்தாள். நல்ல சோதனையாளர் அல்லவா. வேறெந்தக் கணினியிலும் போய்ப் பார்க்க வேண்டிய தேவை எனக்கு இல்லை. ஒரு இடத்தில் மாற்றினால் மூன்று இடத்திலும் மாறும். நான்தானே சொல்லிக்கொடுத்தேன்.

ஆராதனை முடிந்து வெளியே ஏலம் தொடங்கியது. அவள் என்னைத் தேடிக்கொண்டு வந்தாள். கையில் காகிதக் கோப்பையில் டீயும் ஒரு பன்னும். எனக்கு.

“பேரு எங்கட்டி போச்சு?” என்றேன்.

அவள் புரியாத மாதிரி நடிக்கவில்லை. அந்த மட்டுக்கு நன்றி. டீயைப் பக்கத்துச் சுவரில் வைத்தாள்.

“மக்கா, நீ தப்பா எடுக்கப்பிடாது. உனக்கே தெரியும், நீ வேற வழி. கமிட்டியில ஆளுவ ஒவ்வொரு மாதிரி. வெளியாளு செஞ்சதக் கர்த்தருக்கு மொதப்பலனா வைக்கதான்னு ஒருத்தரு கேட்டா நான் என்ன சொல்ல? உனக்கு ஒரு கொறச்சல் வரண்டாம்னுதான் நான்...”

என் நன்மைக்காகவாம். முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைக்கிறவர்களைப் பார்த்திருக்கிறேன். இவள் பூசணித்தோட்டத்தையே மறைக்கப் பார்த்தாள். நான் ஏலம் நடக்கிற பக்கம் கையைக் காட்டினேன். மாமரத்தடியில் ஏலம் விடுகிறவர் செவ்வாழைக் குலையைத் தூக்கிப் பிடித்துக்கொண்டிருந்தார். கொண்டுவந்த அண்ணன் பக்கத்தில் நின்று சிரித்துக்கொண்டிருந்தார்.

“அந்த அண்ணன் நெத்தியில என்னட்டி இருக்கு?”

அவள் பார்த்தாள்.

“வருஷா வருஷம் அவரு மொதக் குலைய வாங்குகாவ. நீ நின்னு பாக்கதுதானே? எந்தக் கமிட்டி என்ன கேட்டுது?” என்றேன்.

ஏலத்தில் யாரோ சத்தமாகச் சிரித்தார்கள். அவள் கழுத்துச் சங்கிலியைப் பிடித்துத் திருகிக்கொண்டே சொன்னாள், மிகவும் மெதுவாக.

“எனக்குன்னு ஒண்ணு வேணும் மக்கா. ஒரு தடவையாவது. சந்தையில வாங்காதது.”

“அதுக்கு? என் வீட்டுல திருடினது பரவாயில்லியா?”

அவள் அழுதாள். எனக்கு அவளைக் கட்டிக்கொள்ள வேண்டும் போலவும் இருந்தது, அறைய வேண்டும் போலவும் இருந்தது. இரண்டையும் செய்யவில்லை. சந்தைக் குலையை வைக்கக் கை கூசியவளுக்கு இதை வைக்கக் கூசவில்லையே என்பதுதான் என்னை அறுத்தது. சந்தையில் விளைவித்தவன் முகம் தெரியாது. என் முகம் தெரியும். என் அப்பாவின் முகம் தெரியும், அந்தக் கட்டிலும் ஸ்டூலும் தெரியும். ‘ரெண்டு பேரு சேந்து செஞ்சது’ என்று மைக்கில் ஒரு வார்த்தை போதும். அவளுடைய பாதியை யார் பிடுங்கினார்கள்? அவள் இல்லாமல் எனக்குச் சோல்ஃபா ஏது?

டீயைக் குடிக்காமல் வண்டியை எடுத்தேன். வீட்டில் அப்பா குழறிய வாயால், “சரியாச்சா?” என்று கேட்டார். மென்பொருளைக் கேட்கிறார். சரியாயிற்று என்றேன்.

அதன்பிறகு அவள் போன் செய்தாள், நான் எடுக்கவில்லை. வாரக்கணக்கில் எடுக்கவில்லை. அவள் அனுப்பிய செய்திகளைத் திறக்கவில்லை. ஊர் வழக்கம்போல் கேட்டது, சும்மாதான் இருக்கியா என்று. ஆமாம் என்று சொல்லப் பழகிக்கொண்டேன்.

டிசம்பர் பிறந்ததும் வேறொரு எண்ணிலிருந்து அழைப்பு வந்தது. ஆஸ்பத்திரியாக இருக்கும் என்று எடுத்துவிட்டேன்.

“மக்கா, வச்சிராத. ஒண்ணே ஒண்ணு கேக்கேன். என் மேக்க அப்டேட் செஞ்சேன், பொறவு நம்ம ஆப் தொறக்கல்ல. நானும் என்னெல்லாமோ செஞ்சு பாத்தாச்சு. கரோலுக்குப் புதுப்பாட்டெல்லாம் அதுலதான் கெடக்கு. பிள்ளைய எல்லாம் காத்துட்டு இருக்காவ.”

நம்ம ஆப் என்றாள். இப்போது நம்ம.

முடியாது என்று சொல்லியிருக்கலாம். சொல்ல நாக்கு வரைக்கும் வந்தது. ஆனால் எனக்கு அந்தக் கொயரோடு என்ன பகை? அந்தப் பாட்டோடு என்ன பகை? அனுப்பிவைக்கிறேன் என்று மட்டும் சொல்லி வைத்துவிட்டேன்.

அப்பாவுக்கு மத்தியானச் சோறு ஊட்டிவிட்டு ஸ்டூலை இழுத்துப் போட்டேன். மேக்கின் கோளாறைச் சரி செய்வது பெரிய காரியமாக இல்லை. கருவிப்பெட்டியின் புதிய பதிப்போடு சேர்த்துக் கட்டினால் தீர்ந்தது. கட்டுவதற்கு முன்னால் அந்த வரிக்குப் போனேன். அவள் மாற்றியது அவளிடம் இருந்த படியில்தான்; என் கணினியில் இருந்த நிரலில் அது பழையபடியே இருந்தது. செய்தவர்கள், என் பெயர், காற்புள்ளி, அவள் பெயர். அப்படியே கட்டி அனுப்பினால் என் பெயர் திரும்பி வந்துவிடும். மூன்று இடத்திலும் வந்துவிடும். அதைத்தான் செய்யப் போகிறேன் என்று நினைத்துத்தான் உட்கார்ந்தேன்.

அந்த இரண்டு பெயரையும் பார்த்துக்கொண்டே இருந்தேன். ஒரு வரியில், தோளோடு தோள் ஒட்டி, ரயில் பெட்டியில் உட்கார்ந்திருக்கிற மாதிரி. எனக்குப் பொறுக்கவில்லை. அவள் பெயரை மட்டும் எடுத்துப் பார்த்தேன். அவள் எனக்குச் செய்ததையே நானும் செய்ததாகிவிடும். அது பொய்யும்கூட. பிறகு முழு வரியையும் எடுத்தேன். மூன்றுக்கும் கட்டினேன். ‘பற்றி’யைத் திறந்தால் இப்போது மென்பொருளின் பெயர் வரும், பதிப்பு எண் வரும். கீழே ஒன்றுமில்லை. இதை யாரும் செய்யவில்லை.

அனுப்பிய கொஞ்ச நேரத்தில் அவளிடமிருந்து செய்தி வந்தது. தொறந்துட்டு மக்கா, நீ இல்லேன்னா நான் என்ன செய்வேன் என்று எழுதியிருந்தாள். நான் பதில் எழுதவில்லை.

அவள் இன்னும் பார்க்கவில்லை என்று எனக்குத் தெரியும். பார்க்கிற நாள் வரும். யாராவது விருந்தாளிக்கு, அல்லது அடுத்து மாற்றலாகி வருகிற போதகருக்கு, இது நான் செய்தது என்று காட்ட அந்தப் பெட்டியைத் தேடுவாள். மேக்கில் அது எங்கே இருக்கிறது என்று அவளுக்கு நினைவிருக்காது. என்னிடம்தான் கேட்க வேண்டும். அந்தப் போனை நான் எடுப்பேன்.